சுவருக்கு ஓர் அட்டவணை, வேலைக்கு ஒரு நோட்டு

காலை எட்டு மணிக்கு எங்கள் சைட் ஆபீசுக்குள் வருகிறவர்கள் முதலில் செய்யும் காரியம், மோட்டார் சைக்கிளில் வரும்போது போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி என் அட்டவணையின் மேல் மாட்டுவது. அட்டவணை என்றால் ஏதோ பள்ளிக்கூட டைம்டேபிள் அல்ல. சுவரில் பாதியை அடைக்கும் தாள்; ஆயிரத்துச் சொச்சம் வேலைகள்; எது முடிந்தால் எது தொடங்கும் என்று காட்டும் அம்புகள்; எதைத் தவறவிட்டால் மொத்தமும் கெடும் என்று காட்டும் சிவப்புக் கோடு. அதைத் தொங்கவிட நான் நான்கு ஆணி அடிக்கச் சொன்னேன். தச்சர் ஆறு அடித்துவிட்டுப் போனார். கூடுதல் இரண்டு எதற்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை. கான்கிரீட் ஆட்களின் மேஸ்திரி, இங்கே சொல்கிறபடி மண்டோர், ரசாலியின் மஞ்சள் மழைக்கோட்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மறைக்கும். சொட்டும் தண்ணீரில் செப்டம்பர் ஊறிப்போயிருக்கும். மாதத்துக்கு ஒரு முறை புதுத் தாள் அச்சடித்து மாட்டுவேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாள் மாறியதைக் கவனித்தார்களா என்பதே சந்தேகம்.

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையைச் சொல்லிப் புரியவைக்கும் முயற்சியை நான் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. பிளானிங் இன்ஜினியர் என்றால், பிளான் போடுகிறவர் என்று எடுத்துக்கொண்டு, தென்மேற்கில் கக்கூஸ் வரலாமா என்று வாட்ஸப்பில் கேட்கிறார்கள். மலேசியாவில் இருப்பவன் எதையும் தெரிந்துவைத்திருப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. இங்கே லிங்கிக்குப் பக்கத்தில், செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, எஸ்டேட்டாக இருந்த நிலத்தில் வரிசை வீடுகள் கட்டுகிறோம். எந்த வேலை எந்தத் தேதியில் நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது என் பொறுப்பு. எழுதிவைக்கிறேன். நடப்பது வேறு.

இந்த லட்சணத்தில், நாற்பத்து நான்கு வயதில், நான் பரீட்சைக்குப் படிக்கவும் உட்கார்ந்தேன். மூன்றாம் கட்டம் தொடங்குவதற்குள், அட்டவணைத் தொழிலில் சர்வதேசச் சான்றிதழ் பெற்ற ஒரு ஆள் சைட்டில் இருக்க வேண்டும் என்று நிலத்துக்குச் சொந்தக்கார கம்பெனி கடிதம் அனுப்பிவிட்டது. எங்கள் புராஜெக்ட் மேனேஜர் மிஸ்டர் கோ என்னை அழைத்து இரண்டு வாக்கியம் பேசினார். சான்றிதழ் வாங்கினால் வேலை பாஸ் புதுப்பிக்கப்படும், வாங்காவிட்டால் படாது. பாஸ் இல்லையென்றால் ராசா என்ற ஊரில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டைக் காலி செய்துவிட்டு, நானும் மனைவி ஜெயந்தியும் புதுக்கோட்டைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

படித்தேன். அந்தப் பாடப்புத்தகத்தைப் போல மனிதர்களே இல்லாத புத்தகம் ஒன்றை நான் பார்த்ததில்லை. அதில் யாருக்கும் காய்ச்சல் வராது, சிமெண்ட் லாரி சேற்றில் புதையாது. எல்லாரும் 'வளங்கள்'. ஆன்லைன் வகுப்பு எடுத்த ஆசாமி சனிக்கிழமை தோறும் மூன்று மணி நேரம் பேசுவார். செருப்பில் ஒரு முறையாவது சேறு பட்டிருந்தால் அந்தக் குரல் அவ்வளவு வழவழப்பாக இருந்திருக்காது. மாதிரிக் கேள்விகள் இன்னும் மோசம். வேலை பின்தங்கிவிட்டது, நீ முதலில் என்ன செய்வாய் என்று கேட்டு நான்கு விடை கொடுப்பார்கள். நான்கிலும் ஏதாவது ஒரு ஆவணத்தைத் திறந்து பார்ப்பாய். எழுந்து வெளியே போய்ப் பார்ப்பாய் என்று ஒரு விடை கிடையாது. இதைக் கரைத்துக் குடித்தவன்தான் தகுதி பெற்றவனாம்.

திருச்சியில் நான் பார்த்த வேலை வேறு மாதிரி. ஒரு மேம்பாலம் கட்டும் இடத்தில், தகரக் கொட்டகையில், மின்விசிறி பாதி நேரம் சுற்றாமல், அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். கம்பி கட்டுகிறவர்களின் மேஸ்திரி தினமும் காலையில் வந்து சண்டை போடுவார். "பன்னெண்டாம் தேதிக்குள்ள எப்படிய்யா முடியும், நீ வந்து கட்டு" என்று தாளைப் பிடுங்கிக் கசக்கி எறிவார். நான் திருப்பித் திட்டுவேன். பிறகு இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுப் பதினைந்து என்று மாற்றுவோம். அப்போது அந்த ஆளை எனக்கு அறவே பிடிக்காது. இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, சண்டை போட்டார் என்றால் படித்தார் என்று அர்த்தம். இங்கே யாரும் சண்டை போடுவதில்லை. வியாழக்கிழமைக்குள் தளம் போட முடியுமா என்று ரசாலியிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே "போலே, போலே" என்பார், முடியும் முடியும் என்று. நான் வியாழன் என்று பதிவேன். பல வியாழக்கிழமைகளில் தளம் இருக்காது. ஏன் என்று கேட்டால் "ஹுஜான், போஸ்" என்று வானத்தைக் காட்டுவார், மழையாம். முகத்துக்கு நேரே ஒருவரிடம் முடியாது என்று சொல்வது அவர் பண்பாட்டில் இல்லை. மரியாதைக்குச் சொன்னதை நான் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு ஆறு வருடம் கணினியில் ஏற்றியிருக்கிறேன்.

இனி பிலோமினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்கும் பெண். சம்பளச் சீட்டில் அவர் வேலை சைட் கிளார்க். லாரிக்காரர்கள் பழைய எஸ்டேட் பழக்கத்தில் கிரானி என்பார்கள், நேரில் பிலோக்கா. இதே எஸ்டேட்டில் பால் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர். அப்போது இங்கே ரப்பர். அவர்கள் இருந்த தொழிலாளர் லயத்து வீடு இப்போதைய சி பிளாக்கில் இருந்ததாம். இடித்தபோது வருத்தமாக இருந்ததா என்று, கட்டுரை எழுதுகிறவனுக்கே உரிய புத்தியோடு ஒரு முறை கேட்டேன். "நல்லாதான் இடிச்சாங்க சார். அந்தக் கூர மூணு எடத்துல ஒழுகும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

அந்த நோட்டை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. என்னுடையது பல ஆயிரம் ரிங்கிட் மென்பொருள். அவருடையது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரூல் போட்ட நோட்டு. அதில் தமிழும் மலாயும் கலந்து, லாரி எண்களும் ஆள் பெயர்களும். அவர் பேசும் தமிழையும் நான் விடவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் ஒரு 'லா'. வீட்டில் ஜெயந்தியிடம் அதைப் பேசிக்காட்டிச் சிரித்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்துவிட்டால் தமிழுக்கே நாம்தான் சொந்தக்காரர்கள் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. இங்கே இருக்கும் என்னைப் போன்றவர்கள் மனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வருடமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கணினியில் விடுமுறை நாட்களை ஏற்றும்போது, அரசாங்க அறிவிப்பைப் பார்த்து நோன்புப் பெருநாளான ராயாவுக்கு இரண்டு நாள், சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள், தீபாவளிக்கு ஒரு நாள் என்று ஏற்றினேன். சட்டப்படி சரி. ஆனால் ராயா வந்தபோது கான்கிரீட் ஆட்கள் இரண்டு வாரம் கடல் தாண்டி ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். சீனப் புத்தாண்டுக்கு டைல்ஸ் கான்ட்ராக்டர் பதினைந்தாம் நாள் கும்பிட்டு முடித்த பிறகுதான் போனையே எடுத்தார். தீபாவளி வாரத்தில் லாரி ஓட்ட ஆள் இல்லை. போதாததற்குத் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மழை. நாளுக்கு எட்டு மணி நேரம் கான்கிரீட் என்று நான் எழுதியிருந்தேன். முதல் வருடம் யாராவது ஏமாறலாம். நான் ஒவ்வொரு வருடமும் அதே இரண்டு நாளைத்தான் ஏற்றினேன், அறிவிப்பில் அப்படித்தான் இருக்கிறது என்பதற்காக.

அப்படியிருந்தும் வீடுகள் ஏறக்குறைய நேரத்துக்கு எழும்பின. எப்படி என்று நான் யோசிக்கவில்லை. மாதக் கடைசியில் பிலோமினாவின் நோட்டை வாங்கி, எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி முடிந்தது என்று பார்த்து என் கணினியில் நிரப்புவேன். பிறகு அம்புகளை அங்கே இங்கே நகர்த்தினால் எல்லாம் பொருந்திப் போகும். அதற்குத் தகவல் சேகரிப்பு என்று எனக்கு நானே பெயர் வைத்திருந்தேன்.

தேர்வு எழுதுவதற்கு முன் விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும். அட்டவணைகளை உருவாக்கிய அனுபவம் எத்தனை மணி நேரம் என்று கணக்குக் காட்ட வேண்டும். கடைசி ஐந்து வருடத்து மணி நேரம்தான் செல்லும். அதற்கு முந்தியது குப்பை. இந்த எஸ்டேட்டின் இரண்டு கட்டங்களையும் எழுதி, 'உருவாக்கினேன்' என்று மார்தட்டி அனுப்பினேன். பத்தாம் நாள் பதில் வந்தது. சில விண்ணப்பங்களைச் சோதனைக்கு எடுப்பார்களாம், அதில் என்னுடையதும் ஒன்று. நான் எழுதியதெல்லாம் உண்மை என்று என் மேலதிகாரி கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தாளாக இருந்தாலும், கீழ் மூலையில் பென்சிலால் ஒரு சின்ன 'பி' இருந்தால்தான் கோ பேனாவை எடுப்பார். அது பிலோமினா பார்த்துவிட்டார் என்பதன் அடையாளம். சரக்கு ரசீதிலிருந்து கான்ட்ராக்டர் பில் வரை அப்படித்தான். என் படிவத்தையும் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். பன்னாட்டுச் சான்றிதழுக்கு ஒரு கிளார்க்கின் பென்சில் தேவைப்படுகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயந்தியிடம் பொருமினேன். "அந்தம்மாகிட்ட போய்க் கேளுங்க. கேட்டா வாய் தேஞ்சா போயிடும்? வீடு காலி பண்ணிட்டு ஊர்ல போய் உங்க தம்பி பொண்டாட்டி முகத்துல முழிக்க என்னால ஆகாது" என்றாள்.

கேட்டேன். பிலோமினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"சார், இதுல நீங்க உருவாக்கினதா போட்டிருக்கு."

"ஆமா. ஏன்?"

"நீங்க உருவாக்குனது செவுத்துல இருக்கு. வேல நடந்தது இந்தப் புக்குல லா."

"நோட்டுல எழுதுறதெல்லாம் பிளானிங் ஆயிடாதும்மா. அதுக்கு ஒரு முறை இருக்கு."

"ஆமாவா சார்? அப்ப மாசக் கடைசில எதுக்கு என் புக்க எடுக்குறீங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் மாட்டேன்னு சொல்லல. உங்க பாஸ் விசயம்னு தெரியும். பென்சில் போடுறேன். ஆனா யாரு என்ன செஞ்சாங்கன்னு பக்கத்துல எழுதிட்டுத்தான் போடுவேன். கோ சார் என்ன நம்பித்தான் சைன் பண்றாரு. புக்க வேணா எடுத்துட்டுப் போயி நீங்களே பாருங்க சார்."

அந்தப் பெண்ணுக்குப் பொறாமை என்று முடிவு கட்டினேன். திருச்சி நண்பன் ஒருவனுக்குப் போன் செய்தபோது, "எவன்டா செக் பண்ணப் போறான், என் பேரைப் போடு, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றான். இந்த எஸ்டேட்டை அவன் படத்தில் கூடப் பார்த்ததில்லை. சரி என்றுதான் நினைத்தேன். அவன் பெயரில் கடிதமும் தயார் செய்தேன். அதில் போடுவதற்குச் சில தேதிகள் வேண்டியிருந்தன. அதற்காகத்தான் நீல நோட்டைத் திறந்தேன்.

ஆறு வருடமாக அந்த நோட்டில் எண்களை மட்டும் பொறுக்கியவன், அன்று முதல் முறையாக வரிகளைப் படித்தேன். மழைக்கு முன் மூன்று மணிக்குள் கான்கிரீட், பிறகு உள்ளே பூச்சு என்று நாளையே இரண்டாகப் பிரித்திருந்தார். ராயாவுக்கு யார் யார் எந்தக் கப்பலில் போகிறார்கள், என்றைக்குத் திரும்புவார்கள், அந்த இடைவெளியில் எந்த வேலையை உள்ளே நுழைக்கலாம் என்று மூன்று மாதம் முன்பே எழுதியிருந்தார். எது தள்ளிப்போனால் பரவாயில்லை, எது தள்ளிப்போகவே கூடாது என்று பக்கத்தில் கோடு. பாடப்புத்தகம் நூறு பக்கத்தில் சொல்வது அங்கே ஒரு பக்கத்தில் இருந்தது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'சார் புரோகிராமில் தளம் வியாழன். வராது. ரசாலியிடம் செவ்வாயே போடச் சொன்னேன். இந்த மாதமும் லேட் என்றால் சாருக்கு ஏச்சு விழும்.' பழைய நோட்டுகளையும் எடுத்துப் புரட்டினால் மாதத்துக்கு ஒன்றாவது அப்படி. முன்யோசனை இல்லாத என் தேதிகளை மெய்யாக்குவதற்காக அந்தப் பெண் ஆட்களை இழுத்துப் பிடித்திருக்கிறார். என் பெயர் கெடாமல் ஆறு வருடம் காப்பாற்றியிருக்கிறார். நான் வீட்டுக்குப் போய் அவர் பேச்சைப் பேசிக்காட்டியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. இதற்கு வேறு நல்ல சொல் தேடவில்லை. திருச்சிக் கடிதத்தைக் கிழித்தேன். கிழித்ததால் நான் யோக்கியன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோட்டைத் திறக்காமல் இருந்திருந்தால் அனுப்பியிருப்பேன். படிவத்தில் 'உருவாக்கினேன்' என்பதை அடித்துவிட்டு, 'வேறொருவர் உருவாக்கியதைக் கணினியில் ஏற்றினேன்' என்று எழுதி பிலோமினாவின் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். "நெசமாவா சார்?" என்றார். பென்சிலால் 'பி' போட்டார். கோ கையெழுத்திட்டார். மூன்று வாரத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கணினியில் ஏற்றுவதை அவர்கள் அனுபவமாக எண்ணவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மேம்பாலத்தில் வெயிலில் நின்று நான் சம்பாதித்த மணி நேரம் காலாவதியாகிவிட்டது. காலாவதியாகாத மணி நேரம் என்னுடையது இல்லை.

கோ அதற்கும் இரண்டு வாக்கியம்தான் பேசினார். அப்படியானால் உருவாக்கியது யார். அவர் பரீட்சை எழுத முடியுமா. முடியும். பட்டம் இல்லாதவர்கள் கூடுதல் மணி நேரம் காட்ட வேண்டும், அது பிலோமினாவிடம் அலமாரி நிறைய இருந்தது, அட்டை போட்ட நோட்டுகளாக. என் பாஸ் முடிய அப்போது மூன்று மாதம் மிச்சம். அதற்குள் அவரைத் தயார் செய்துவிடு என்றார். வாடகைக்கு எடுத்த மிஷினைத் திருப்பி அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை வாங்கிக்கொள்வோமே, அந்த மாதிரி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தோம். அவருக்குத் தெரியாதது எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லை. தெரிந்ததற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் தெரியாது. சிக்கல் விடையில்தான். வேலை பின்தங்கினால் முதலில் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு, "மழ விட்டுச்சான்னு பாக்கணும், அப்பறம் ரசாலிக்கு போன் அடிக்கணும்" என்றார். அட்டவணை நிர்வாகத் திட்டத்தைப் பரிசீலிப்பதுதான் சரியான விடை என்றேன்.

"அதப் பாத்துக்கிட்டு இருந்தா மழ விட்டுருமா சார்?"

"விடாது. ஆனா அதைத்தான் எழுதணும்."

"சூசா லா சார், கஷ்டம் இது. தெரிஞ்சத மறந்துட்டுப் போயி எழுதணும் போல."

இதைவிடச் சரியாக அந்தத் தேர்வைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் பிடித்துக்கொண்டார். மாதிரித் தேர்வுகளில் என்னைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கினார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எரிச்சல் கொஞ்சம் கூடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அவருடைய விண்ணப்பத்தை நிரப்பினோம். அவரைச் சோதனைக்கு எடுத்தால் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேண்டும். கோ பெயரைப் போடலாமே என்றேன். "அவரு என் புக்கப் படிச்சதில்ல. நீங்கதான் படிச்சவரு" என்றார். இந்த மணி நேரமெல்லாம் பிலோமினாவுடையவை என்று எழுதி, மனமறிந்து, கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்டில் நான் சந்தேகமில்லாமல் போட்ட முதல் கையெழுத்து அது. அதற்குக் கீழே முகவரிக் கட்டம். சாட்சி அடுத்த ஒரு வருடத்துக்கு அங்கே கிடைக்க வேண்டும் என்று குறிப்பு. ராசா வீட்டுக்கு அடுத்த மாதம் வேறு குடும்பம் வருகிறது. புதுக்கோட்டை முகவரியை எழுதப் போனேன், கதவு எண்ணில் பேனா நின்றுவிட்டது. நகராட்சிக்காரர்கள் எண்ணையெல்லாம் மாற்றிவிட்டதாக எப்போதோ கேள்விப்பட்டது ஞாபகம் வந்தது. பிலோமினா எதிரில் உட்கார்ந்திருக்க, தம்பிக்குப் போன் செய்து நம் வீட்டு நம்பர் என்னடா என்று கேட்டேன்.

"பழசா புதுசாண்ணே?" என்றான். புது எண்ணைச் சொன்னான். பிறகு, "வெறும் உன் பேரை மட்டும் போட்டா தபால்காரருக்குத் தெரியாதுண்ணே. என் பேரைப் போட்டு கேர் ஆஃப்னு எழுதிக்க" என்றான்.

எழுதிக்கொண்டேன்.